வாந்திபேதியும் உப்புச் சர்க்கரை நீரும்

உயிர்நூல் ஆராய்ச்சி என்பது பட்டணத்து ஆராய்ச்சிசாலைகளில் கண்ணாடிக் குழாய்களையும் சிறு பிராணிகளையும் வைத்துக்கொண்டு வித்துவான்கள் நடத்தும் காரியமென்றும், அதற்கும் ஏர் பிடிக்கும் குடியானவனுடைய க்ஷேமத்திற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை என்றும் கிராமவாசிகளில் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானதே. ஆயினும் அவர்கள்மீது குற்றம் சொல்வதற்கில்லை. ஏனெனில், ஓர் உண்மை ஆராய்ச்சிசாலையில் கண்டறியப்பட்ட நாளுக்கும், அது ஒரு குடிசையின் அடுப்பங்கரைக்கு வந்து சேரும் நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடுவதுண்டு. சில உண்மைகள் வழியிலேயே தங்கிவிடுவதும் உண்டு.

அவ்வாறு தங்கிவிடாமல் அடுப்பங்கரை வரையில் வந்து சேர்ந்த ஓர் உண்மையின் வரலாற்றை இப்பாடத்தில் கூறுவோம். அது வாந்திபேதிக்கும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கும் கொடுக்கப்படும் உப்புச் சர்க்கரை நீரைப் பற்றியது. இதில் சேர்ந்துள்ள சரக்குகள் ஒவ்வொரு வீட்டிலும் உள்ளவையே. ஆனால் அவற்றை எந்த அளவில், எப்பொழுது, யார் கையால் கொடுப்பது என்பதைத் தெரிந்துகொள்ள உலகத்திற்கு 100 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

நோயின் தன்மை

காலரா என்னும் வாந்திபேதி, அசுத்தமான தண்ணீர் மூலமாயும் உணவு மூலமாயும் வயிற்றுக்குள் செல்லும் ஒரு கிருமியால் உண்டாவது. ஜெர்மானிய விஞ்ஞானியாகிய ராபர்ட் காக் 1883ம் ஆண்டில் எகிப்திலும், 1884ம் ஆண்டில் கல்கத்தாவிலும் இக்கிருமியை ஆராய்ந்து, நோய்க்கு இதுவே காரணமென்று வெளியிட்டார். நோய் கடுமையாகக் கண்டவருக்கு அரிசி களைந்த நீர்போல் பேதியாகும். மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் கூட நீர் வெளியேறலாம். கண்கள் குழிவிழும், நாவறளும், கைகால்கள் குளிர்ந்து சதை பிடித்திழுக்கும், நாடி தளரும், சிறுநீர் நின்றுபோகும். தக்க சிகிச்சை இல்லாவிடில் சில மணி நேரத்திற்குள்ளேயே உயிர் போய்விடுவதும் உண்டு.

இங்கே முக்கியமாய்க் கவனிக்கற்பாலது ஒன்றுளது. இந்நோயில் மனிதனைக் கொல்வது, தேகத்திலிருந்து நீரும் உப்புக்களும் வடிந்துபோவதேயாகும். குழந்தைகளுக்கு வேறு கிருமிகளால் உண்டாகும் சாதாரண வயிற்றுப்போக்கிலும் ஆபத்து பெரும்பாலும் இதுவே. குழந்தையின் தேகம் சிறியதாதலால், பெரியவர் தாங்கக்கூடிய நஷ்டத்தை அது தாங்காது. ஆகவே இழந்த நீரையும் உப்பையும் உடனே திருப்பிக் கொடுத்தால், கிருமி குடலை விட்டு வெளியேறும் வரையில் உயிரைக் காப்பாற்றி வைக்கலாம்.

பழைய சிகிச்சையும் அதன் குறையும்

இவ்வுண்மையின் முதற்பாகம் 1831ம் ஆண்டிலேயே தெரிந்துவிட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவில் வாந்திபேதி பரவியிருந்தது. வைத்தியர்கள் நோயாளியின் இரத்தத்தைக் கீறி வெளியேற்றுவதையும், பேதி மருந்து கொடுப்பதையும் சிகிச்சையாகக் கொண்டிருந்தனர். வில்லியம் ஓஷானஸி என்னும் இளம் வைத்தியர் இங்கிலாந்தில் நோயாளிகளின் இரத்தத்தைச் சோதித்து, அதில் நீரும் உப்பும் மிகவும் குறைந்திருப்பதைக் கண்டார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் ஸ்காட்லாந்து வைத்தியர், 1832ம் ஆண்டில் உப்புநீரை நோயாளியின் இரத்தக் குழாயிலேயே செலுத்தினார். அவர் அவ்வாறு முதன்முதலில் சிகிச்சை செய்த வயது முதிர்ந்த ஸ்திரீ, சாகுந் தறுவாயிலிருந்து எழுந்து பேசும் நிலைக்கு வந்தாள். ஆனால் பேதி நிற்கவில்லை. உப்புநீரை மறுபடியும் செலுத்துவாருமில்லை. சில மணி நேரத்தில் அவள் இறந்தாள். நஷ்டம் தொடருமட்டும் ஈடு செய்வதும் தொடரவேண்டும் என்பது அச்சம்பவம் கற்பித்த பாடம். லாட்டா 1833ம் ஆண்டில் காலமானார். அவருடைய முறையும் மறக்கப்பட்டது.

பின்னர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்கத்தாவில் லெனார்டு ராஜர்ஸ் என்னும் வைத்தியர் இதே முறையைத் திருத்தி மீண்டும் கையாண்டு, ஆஸ்பத்திரியில் சேர்ந்த நோயாளிகளின் மரணத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தார். ஆயினும் இச்சிகிச்சைக்குக் கிருமி நீக்கிய நீர் வேண்டும். ஊசியும் குழாயும் வேண்டும். கைதேர்ந்த வைத்தியர் வேண்டும். வாந்திபேதி பரவுவதோ வெள்ளமும் பஞ்சமும் போரும் உள்ள இடங்களில். ஆஸ்பத்திரி பத்து மைலுக்கு அப்பாலிருந்தால், மாட்டுவண்டியிலோ படகிலோ நோயாளி அங்கே போய்ச் சேருமுன் காரியம் முடிந்துவிடும்.

அப்படியாயின் உப்புநீரை வாயாலேயே குடிக்கக் கொடுத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். கொடுத்துப் பார்த்தார்கள், பயன்படவில்லை. வெறும் உப்புநீர் குடலில் உறிஞ்சப்படாமல் பேதியோடு பேதியாக வெளியேறியது. ஆகவே பேதி காணும்பொழுது வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கவேண்டுமென்றும், நீரையும் ஆகாரத்தையும் நிறுத்தவேண்டுமென்றும் வைத்தியர்களே கூறலாயினர். நம் நாட்டு வீடுகளிலும், ‘தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும்’ என்று குழந்தையின் வறண்ட வாயைப் பார்த்துக்கொண்டே தண்ணீரை மறுத்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

குடலில் உள்ள இரண்டு வழிகள்

இம்முடிச்சை அவிழ்த்தவை இரண்டு ஆராய்ச்சிகள்.

முதலாவது, கல்கத்தாவில் சம்புநாத் டே என்பவர் செய்தது. அவர் முயலின் குடலில் ஒரு பகுதியைக் கட்டி, காலராக் கிருமி வளர்ந்த திரவத்தை, கிருமிகளை வடிகட்டி நீக்கிய பின்னர் அதனுள் செலுத்தினார். உயிருள்ள கிருமி இல்லாமலே குடலில் நீர் நிறைந்தது. ஆகவே நீரை வெளியேறச் செய்வது கிருமி கக்கும் ஒரு விஷமே என்பது 1959ம் ஆண்டில் வெளியாயிற்று. மேலும், காலராவில் குடலின் உட்சவ்வு வெந்து உரிந்துபோகிறது என்பது நெடுங்கால நம்பிக்கை. நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தபொழுது, சவ்வு பழுதில்லாமலிருப்பது 1960ம் ஆண்டில் தெளிவாயிற்று. வீடு இடியவில்லை, கதவு ஒன்றுதான் கெட்டிருந்தது.

இரண்டாவது, அமெரிக்க இரசாயன விஞ்ஞானியாகிய ராபர்ட் கிரேன் என்பவருடையது. அவர் ஆராய்ந்த கேள்வி, நாம் உண்ணும் சர்க்கரை குடலிலிருந்து இரத்தத்திற்குள் எவ்வாறு செல்கிறது என்பதே. வாந்திபேதிக்கு மருந்து தேடி அவர் புறப்படவில்லை. சர்க்கரையாகிய குளூக்கோசும், உப்பிலுள்ள சோடியமும் ஒன்றையொன்று கைப்பிடித்துக்கொண்டு ஒரே வழியாய் உள்ளே செல்கின்றன என்று 1960ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் அவர் வெளியிட்டார்.

இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்த்தால் விஷயம் விளங்கும். உப்பு குடலுக்குள் உறிஞ்சப்படுவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. அவற்றுள் ஒன்றைக் காலரா விஷம் அடைத்துவிடுகிறது; அதோடு குடலிலிருந்து உப்பும் நீரும் வெளியே பெருகவும் செய்கிறது. ஆனால் சர்க்கரையும் உப்பும் சேர்ந்து செல்லும் வழியை அவ்விஷம் தொடுவதில்லை. சர்க்கரை வந்தால் அவ்வழி திறக்கும். அதனோடு உப்பு செல்லும். உப்பைத் தொடர்ந்து நீரும் செல்லும். வெறும் உப்புநீர் பயன்படாததற்கும், சர்க்கரை சேர்ந்த உப்புநீர் பயன்படுவதற்கும் இதுவே காரணம். சர்க்கரை இங்கே சுவைக்காகவோ பலத்திற்காகவோ சேர்க்கப்படுவதன்று. அது உப்புக்கு வழி திறக்கும் சாவி.

நோயாளியின் கட்டிலருகே நடந்த சோதனை

சாஸ்திர உண்மை தெரிந்தவுடன் சிகிச்சை கிடைத்துவிட்டதென்று எண்ணலாகாது. 1953ம் ஆண்டிலேயே கல்கத்தா வைத்தியராகிய ஹேமேந்திரநாத் சட்டர்ஜி, குளூக்கோசும் உப்பும் கலந்த நீரை வாயால் கொடுத்து, கடுமையல்லாத நோயாளிகளைக் குணப்படுத்தியதாக வெளியிட்டிருந்தார். ஆனால் குடித்தது எவ்வளவு, வெளியேறியது எவ்வளவு என்ற அளவுக் கணக்கு அதில் இல்லாமையாலும், அது பயன்படுவதன் காரணம் அப்பொழுது விளங்காமையாலும், அது பெரிதாய் மதிக்கப்படவில்லை.

1962ம் ஆண்டில் ராபர்ட் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கக் கடற்படை வைத்தியர் பிலிப்பைன்ஸ் நாட்டில், குளூக்கோசு சேர்ந்த உப்புநீரைக் காலரா நோயாளிகளின் குடல் ஏற்றுக்கொள்வதைக் கண்டார். ஆயின் தொடர்ந்து நடந்த ஒரு சோதனையில், கரைசலின் செறிவு மிகுதியாயிருந்தபடியால் நோயாளிகள் சிலர் இறக்க நேர்ந்தது. அச்சோதனை நிறுத்தப்பட்டது. உப்புச் சர்க்கரை நீர் எளிய பொருளாயினும், அளவு தவறினால் அதுவே தீங்காகும் என்பதை நாம் மறக்கலாகாது.

அளவுக் கணக்கைச் சரிப்படுத்தியவர்கள் டாக்கா நகரிலிருந்த காலரா ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த டேவிட் நலின், ரிச்சர்ட் காஷ் என்னும் இரு இளம் வைத்தியர்கள். அங்கே நோயாளி படுக்கும் கட்டிலின் நடுவே ஒரு துவாரமும் அதன்கீழ் ஒரு வாளியும் வைத்து, வெளியேறும் நீரை அளப்பது வழக்கம். எவ்வளவு வெளியேறியதோ அவ்வளவுக்கு ஈடாகக் கரைசலை உட்செலுத்துவது என்னும் விதியை அவர்கள் ஏற்படுத்தினர். 1968ம் ஆண்டில் வெளியான இச்சோதனையில், முதலில் இரத்தக் குழாய் வழியாகச் சிறிது உப்புநீர் கொடுத்து நாடியை நிலைப்படுத்தியபின், வாய்வழிக் கரைசலால் சிகிச்சை தொடர்ந்தது. இரத்தக் குழாய் வழியாகக் கொடுக்கவேண்டிய உப்புநீரின் தேவை ஏறக்குறைய 80 சதவிகிதம் குறைந்தது. லாட்டாவின் நோயாளி இறந்து கற்பித்த பாடம், 136 ஆண்டுகளுக்குப் பின்னர் ஒரு வாளியின் உதவியால் விதியாக அமைந்தது.

பங்காவ் முகாம்

ஆயினும் இது நன்கு பயிற்சி பெற்றவர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில் நடந்த காரியம். ஜனக்கூட்டத்தின் நடுவே, பயிற்சியில்லாதவர்கள் கையில் இது பலிக்குமா என்ற சந்தேகம் பெரிய வைத்தியர்களுக்கு இருந்தது. அதற்கு விடை 1971ம் ஆண்டில் கிடைத்தது.

அவ்வாண்டில் வங்காள தேசத்தின் விடுதலைப் போர் காரணமாக, இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து மேற்கு வங்காளத்திற்குள் வந்தனர். மழைக்காலத்தில் அவர்களிடையே வாந்திபேதி பரவிற்று. எல்லையருகே உள்ள பங்காவ் என்னும் ஊரின் ஆஸ்பத்திரியில் காலரா நோயாளிகளுக்காக இருந்தவை இரண்டு அறைகளும் 16 கட்டில்களுமே. ஜூன் மாதத்தில் அங்கு அனுப்பப்பட்ட திலீப் மஹலனாபிஸ் என்னும் வைத்தியர், நோயாளிகள் தரையெங்கும் கிடக்கவும், அவர்களுடைய மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட்டே உப்புநீர் செலுத்தவும் வேண்டியிருப்பதைக் கண்டார். உப்புநீர்ப் புட்டிகளும் விரைவில் தீர்ந்துபோகும் நிலையிலிருந்தன.

அவர் துணிந்து ஒரு முடிவுக்கு வந்தார். 22 கிராம் குளூக்கோசு, 3.5 கிராம் சாப்பாட்டு உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு ஆகியவற்றைக் கல்கத்தாவில் பொட்டலங்களாகக் கட்டிக் கொண்டுவரச் செய்தார். ஒரு லிட்டர் சுத்த நீருக்கு இவ்வளவு என்பது கணக்கு. அவற்றைப் பீப்பாய்களில் கரைத்து வைத்து, நோயாளியின் தாயோ தகப்பனோ அண்ணனோ குவளையில் பிடித்துப்போய் ஊட்டும்படி ஏற்பாடு செய்தார். குடிக்க இயலாத அளவுக்குத் தளர்ந்தவர்களுக்கு மட்டும் இரத்தக் குழாய் வழியாக உப்புநீர் செலுத்தப்பட்டது.

இவ்வாறு சிகிச்சை பெற்றவர்கள் சுமார் 3,700 பேர். அவர்களுள் இறந்தவர்கள் 3.6 சதவிகிதம். இம்முறை தொடங்குமுன், அத்தகைய முகாம்களில் 100க்கு 20 முதல் 30 பேர் வரை இறந்துகொண்டிருந்தனர். ஒரு லிட்டர் கரைசலுக்கு ஆன செலவு 11 பைசா.

இதில் புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. குவளை கை மாறியதே புதுமை. வைத்தியரிடமிருந்த சிகிச்சையை நோயாளியின் உற்றாரிடம் கொடுக்கலாம் என்பது அங்கே நிரூபணமாயிற்று. 1978ம் ஆண்டில் உலக சுகாதார ஸ்தாபனம் வயிற்றுப்போக்கு நோய்களைத் தடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, இக்கரைசலை எல்லா நாடுகளிலும் பரப்ப முற்பட்டது.

வீடுவீடாகப் போன பாடம்

பொட்டலம் கடைக்கு எட்டாத கிராமங்களுக்கு என்ன செய்வது? வங்காள தேசத்திலுள்ள பிராக் என்னும் கிராம சேவை ஸ்தாபனம் இக்கேள்வியை எடுத்துக்கொண்டது. 1980 முதல் 1990 வரையில் அதன் பெண் ஊழியர்கள் 1 கோடியே 20 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு நடந்து சென்று, தாய்மார்களுக்கு நேரிலேயே கரைசலைச் செய்யக் கற்பித்தனர். அளவு கருவிகள் வீடுகளில் இல்லாமையால், விரல்களே அளவாக அமைந்தன. அரைச் சேர் நீருக்கு மூன்று விரல்களால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பும், ஒரு பிடி வெல்லமும் என்பது பாடம்.

இத்திட்டத்தில் நாம் பின்பற்றத்தக்க அம்சங்கள் இரண்டு. ஊழியரின் ஊதியம், அவர் எத்தனை வீடுகளுக்குச் சென்றார் என்பதைப் பொறுத்திருக்கவில்லை. பின்னர் வேறொருவர் சில வீடுகளுக்குச் சென்று, தாய்மார்கள் பாடத்தை நினைவில் வைத்திருக்கிறார்களா, கரைசலைச் சரியாகச் செய்கிறார்களா என்று சோதித்து, அதற்கேற்ப ஊதியம் கொடுக்கப்பட்டது. தாய்மார்கள் செய்த கரைசலில் உப்பின் அளவு ஆராய்ச்சிசாலையிலும் பார்க்கப்பட்டது. இரண்டாவதாக, பாடத்தைக் கற்ற பல தாய்மார்கள், பேதி கண்டபொழுது அதை உபயோகிக்கவில்லை என்பது முதலில் தெரியவந்தது. காரணம் ஆராயப்பட்டது. வீட்டு ஆண்மக்களுக்கு இது விளக்கப்படாமலிருந்ததும் ஒரு காரணமெனக் கண்டு, அவர்களையும் கூட்டி விளக்கம் சொன்னார்கள். அதன்பின் உபயோகம் பெருகிற்று.

அரிசியும் வேலூர் ஆராய்ச்சியும்

நம் பாட்டிமார்கள் பேதிக்கு உப்பிட்ட கஞ்சிநீர் கொடுத்த வழக்கம் பல வீடுகளில் இருந்துவந்தது. இதில் உண்மை உண்டா? அரிசியிலுள்ள மாவுப்பொருள் குடலில் மெல்ல மெல்லச் சர்க்கரையாக மாறுவது. ஆகவே சர்க்கரைக்குப் பதிலாக அரிசி மாவைச் சேர்த்த கரைசலை வைத்தியர்கள் சோதித்து, காலரா நோயாளிகளின் பேதியின் அளவு அதனால் குறைவதைக் கண்டனர். உப்பிட்ட கஞ்சிநீரும் வீட்டில் கொடுக்கத்தக்க திரவங்களுள் ஒன்றாக ஒப்புக்கொள்ளப்பட்டது. உப்பில்லாத கஞ்சி மட்டும் இழந்த உப்பை ஈடு செய்யாது.

இவ்வழியில் மேலும் ஓர் அடி எடுத்துவைத்தவர்கள் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். சிறுகுடலில் ஜீரணமாகாத ஒருவகை மாவுப்பொருளைக் கரைசலில் சேர்த்தால், அது பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, அதனால் உண்டாகும் அமிலங்கள் பெருங்குடலிலும் உப்பும் நீரும் உறிஞ்சப்பட உதவுகின்றன என்பதைக் காலரா நோயாளிகளிடம் சோதித்து, 2000ம் ஆண்டில் வெளியிட்டனர்.

பொட்டலத்தின் அளவும் காலத்திற்கேற்பத் திருத்தப்பட்டுள்ளது. 2002ம் ஆண்டு முதல் உலக சுகாதார ஸ்தாபனம் சிபார்சு செய்யும் கரைசலில், ஒரு லிட்டருக்குக் குளூக்கோசு 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் உப்பு 2.9 கிராம் ஆக 20.5 கிராம் அடங்கியுள்ளது. முன்னிருந்ததைவிடச் செறிவு குறைந்த இக்கரைசலால் குழந்தைகளுக்குப் பேதியும் வாந்தியும் குறைவதாகக் கண்டனர். 2004ம் ஆண்டு முதல் கரைசலோடு துத்தநாக மாத்திரையும் கொடுக்கும்படி கூறப்பட்டது.

இன்னும் நிற்கும் தடை

1980ம் ஆண்டையொட்டி உலகில் ஆண்டுதோறும் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 இலட்சத்துக்கு மேல் வயிற்றுப்போக்கால் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது. இப்பொழுது அது 5 இலட்சத்துக்குள் குறைந்துள்ளது. சுத்தமான குடிநீர், கக்கூசு வசதி, தாய்ப்பால், தடுப்பு மருந்து ஆகியவற்றிற்கும் இதில் பங்குண்டு. ஆயினும் கரைசலின் பங்கு மிகப் பெரியது.

அப்படியிருந்தும், 2019 முதல் 2021 வரையில் இந்தியாவில் எடுக்கப்பட்ட தேசீய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, பேதி கண்ட குழந்தைகளுள் 100க்குச் சுமார் 61 பேருக்கே இக்கரைசல் கிடைத்தது. துத்தநாகம் கிடைத்தவர்கள் சுமார் 31 பேர். காரணம் என்ன? கர்நாடகத்திலும் பீஹாரிலும் 2,000க்கு மேற்பட்ட வைத்தியம் செய்வோரிடத்தில் நடத்தப்பட்ட ஓர் ஆராய்ச்சி 2024ம் ஆண்டில் வெளியாயிற்று. குழந்தைக்குப் பேதி என்று சொல்லிக்கொண்டு பயிற்சி பெற்றவர்கள் அவர்களிடம் சென்றனர். பொட்டலம் கையிருப்பில் இல்லாததோ, வேறு மருந்து விற்றால் அதிக இலாபம் கிடைக்கும் என்பதோ முக்கிய காரணமாகக் காணவில்லை. ‘ஜனங்கள் இதை விரும்பமாட்டார்கள், ஊசியையும் மாத்திரையையுமே எதிர்பார்ப்பார்கள்’ என்று வைத்தியம் செய்வோர் எண்ணிக்கொண்டிருந்ததே பெருங்காரணம். வந்தவர் தாமாகவே இக்கரைசல் வேண்டுமென்று தெரிவித்தபொழுது, அதை எழுதிக்கொடுத்தவர்களின் தொகை ஏறக்குறைய இரு மடங்காயிற்று.

எனவே, முயலின் குடலில் தொடங்கி, கட்டிலையும் முகாமையும் கடந்து வந்த இவ்வழியில் கடைசி அடி, நாம் வாய் திறந்து கேட்பதேயாகும்.

வீட்டில் செய்யவேண்டியவை

1. பேதி தொடங்கியவுடனேயே கரைசலைக் கொடுக்கத் தொடங்குக. தேகம் வற்றியபின் கொடுப்பதைவிட, வற்றாமல் தடுப்பது எளிது.

2. கைகளைச் சோப்பிட்டுக் கழுவியபின், பொட்டலத்தின்மேல் அச்சிட்டுள்ள அளவு சுத்த நீரை அளந்து, பொட்டலம் முழுவதையும் அதில் கரைக்கவும். ஒரு லிட்டர்ப் பொட்டலமும் உண்டு, 200 மில்லிலிட்டர்ப் பொட்டலமும் உண்டு. படித்துப் பார்த்தே கரைக்கவேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாகக் கரைப்பது ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்திற்குமேல் வைத்திருக்கலாகாது.

3. பொட்டலம் கிடைக்கும் வரையில், ஒரு லிட்டர் சுத்த நீரில் தலைதட்டிய தேக்கரண்டியால் 6 கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். ருசி பார்த்தால் கண்ணீரைவிட அதிகமாய்க் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டு மறுபடியும் செய்யவும்.

4. ஒவ்வொரு முறை பேதியானபின்பும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லிலிட்டரும், 2 முதல் 10 வயதுவரை உள்ள குழந்தைக்கு 100 முதல் 200 மில்லிலிட்டரும், பெரியவர்களுக்கு வேண்டிய மட்டும் கொடுக்கவும். வாந்தியெடுத்தால் 10 நிமிஷம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மெதுவாய்க் கொடுக்கவும்.

5. தாய்ப்பாலை நிறுத்தலாகாது. ஆகாரத்தையும் நிறுத்தலாகாது. இட்லி, குழைந்த சோறு, தயிர், வாழைப்பழம் முதலியவற்றைச் சிறுகச் சிறுகக் கொடுத்துவரவும். கடையில் விற்கும் இனிப்புப் பானங்கள் இக்கரைசலுக்கு ஈடாகா. மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை அதிகப்படுத்தும்.

6. துத்தநாக மாத்திரையைச் சுகாதார நிலையத்தில் கேட்டு வாங்கி, 6 மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமும், அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 20 மில்லிகிராமும், பேதி நின்றபின்பும் விடாமல், வைத்தியர் கூறியபடி 10 முதல் 14 நாள் வரை கொடுக்கவும்.

7. குழந்தை குடிக்க இயலாமல் சோர்ந்து கிடந்தாலும், கண்கள் குழிவிழுந்தாலும், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் உடனே படியாமல் மெதுவாய்ப் படிந்தாலும், சிறுநீர் போகாதிருந்தாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், வாந்தி ஓயாவிடினும், ஒரு கணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும். வழிநெடுக, குடிக்கும் நிலையிலிருந்தால் கரைசலைக் கொடுத்துக்கொண்டே செல்லவும். இரத்தக் குழாய் வழியாக நீர் செலுத்தவேண்டிய கட்டத்தில் வீட்டுச் சிகிச்சையை மட்டும் நம்பியிருக்கலாகாது.

வாசகசாலையில் கேட்கவேண்டிய கேள்விகள்

இப்பாடத்தை எழுத்தறிந்த ஒருவர் உரக்க வாசித்தபின், கூடியிருப்போரைக் கீழ்க்கண்டவாறு கேட்கலாம். வீட்டு ஆண்மக்களும் உடனிருப்பது அவசியம்.

1. வாந்திபேதியில் மனிதனைக் கொல்வது எது?

2. வெறும் உப்புநீர் ஏன் பயன்படவில்லை? சர்க்கரை சேர்ந்தவுடன் ஏன் பயன்பட்டது?

3. லாட்டாவின் நோயாளி எழுந்து பேசியபின்பும் இறந்தது ஏன்?

4. பங்காவ் முகாமில் கரைசலை ஊட்டியவர்கள் யார்? அதனால் நாம் அறிவது என்ன?

5. நமது ஊர்க் கடையிலும் சுகாதார நிலையத்திலும் பொட்டலம் இப்பொழுது இருக்கிறதா? இன்று மாலைக்குள் பார்த்துவரப் போகிறவர் யார்?

ஐந்தாவது கேள்விக்குச் சரியான விடை, ஒருவர் எழுந்து நின்று தம் பெயரைச் சொல்வதே. அவர் திரும்பி வந்து கூறும் செய்தியைக் கேட்டுக்கொண்டு, வீட்டிற்கு இரண்டு பொட்டலமேனும் வாங்கிப் பெட்டியில் வைத்திருக்கும்படி எல்லோரும் ஏற்பாடு செய்துகொள்வார்களாக.